கரி ஆயில் கையாளுதல்: குமரி மாவட்டத் தொழில் நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒர்க்ஷாப், லேத் பட்டறை, கல் குவாரி, ரப்பர் ஆலை, விசைப்படகு, காற்றாலை என்று எண்ணெய் வடிக்கும் எல்லா இடங்களுக்குமான பக்கம் இது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

நாங்கள் வடிக்கும் கரி ஆயிலுக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

2016ஆம் ஆண்டின் அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகள்தான் இதற்கு அடிப்படை. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், டர்பைன் ஆயில், கம்ப்ரசர் ஆயில், டிரான்ஸ்பார்மர் ஆயில் ஆகியவை ஓடித் தீர்ந்தபின், மறுசுத்திகரிப்புக்கு ஏற்ற நிலையில் இருந்தால் அவை ‘பயன்படுத்திய எண்ணெய்’. மினரல் ஆயில், சிந்தெடிக் ஆயில் இரண்டும் இதில் அடங்கும். அட்டவணை 1இல் இதன் எண் 5.1. எண்ணெய் கலந்த கசடு, எண்ணெய் ஊறிய மரத்தூள் போன்றவை 5.2.

‘கழிவு எண்ணெய்’ என்பது வேறு. கச்சா எண்ணெய்ச் சிந்தல், சுத்திகரிப்பு ஆலை, எண்ணெய்க் கிடங்கு, கப்பல் ஆகியவற்றின் தொட்டியடிக் கசடு, எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு ஆகியவை அந்த வகை. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் வேஸ்ட் ஆயில் என்கிறோம். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பப் படிவத்தில் அப்படி எழுதினால் தவறான இனத்தில் அங்கீகாரம் வாங்கிவிடுவீர்கள்.

கரி ஆயிலில் எதைக் கலக்கக் கூடாது?

எதையுமே கலக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வடிகால் போல்ட்டைக் கழற்றும் நேரத்தில் கையில் இருப்பது காசு கொடுத்து வாங்கிப் போகும் சரக்கு. அதில் ஒரு வாளி கூலண்டோ அரை லிட்டர் தின்னரோ விழுந்தால், காசு கொடுத்து அப்புறப்படுத்த வேண்டிய கழிவாக மாறிவிடும்.

மறுசுத்திகரிப்புக்குப் போகும் எண்ணெய்க்கு அட்டவணை 5இன் முதல் பகுதி வரம்பு வைக்கிறது: ஈயம் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு), ஆர்சனிக் 5 பி.பி.எம்., காட்மியம், குரோமியம், நிக்கல் மூன்றும் சேர்ந்து 500 பி.பி.எம்., பி.சி.பி. (பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் இருக்கக்கூடிய நச்சு வேதிப்பொருள்) 2 பி.பி.எம்.முக்குக் கீழ். வழக்கமான எஞ்சின் ஆயில் இந்த வரம்புக்குள் எளிதாக நின்றுவிடும். கெடுப்பவை பெரும்பாலும் இவை:

ரேடியேட்டர் கூலண்ட், பிரேக் ஆயில். இரண்டும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகை. பிரேக் ஆயிலின் பெயரில்தான் ஆயில் இருக்கிறது, பொருளில் இல்லை. இரண்டுக்கும் தனித்தனிக் கேன் வையுங்கள்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர். பாகம் கழுவிய மண்ணெண்ணெயைக் கரி ஆயில் பேரலில் ஊற்றுவது பல பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. தீப்பற்றும் வெப்பநிலை அதனால் இறங்கிவிடும். வண்டியில் ஏற்றும்போதும், மறுசுத்திகரிப்பு ஆலையில் சூடேற்றும்போதும் ஆபத்து.

குளோரின் உள்ள கிரீஸ் நீக்கிகள், சில வகை ஸ்ப்ரே கிளீனர்கள். எரிக்கும் எண்ணெயில் கூட மொத்த ஹாலோஜன் 4000 பி.பி.எம். தாண்டக் கூடாது. ஒரு பேரலில் சுமார் 185 கிலோ எண்ணெய் இருக்கும் என்றால், அதில் 4000 பி.பி.எம். என்பது 740 கிராம் மட்டுமே. சில டப்பாக்களிலேயே அதை எட்டிவிடலாம்.

பெயிண்ட் கசடு, பேட்டரி அமிலம், மழைத் தண்ணீர். கடைசியாகச் சொன்னது நம் ஊரில் மிகுதி.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பட்டறையிலேயே பார்க்க முடியுமா?

முடியும். பேரலை இரண்டு நாள் அசைக்காமல் விடுங்கள். இரண்டு முனையும் திறந்த, ஒரு மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் குழாயை மெதுவாக அடி வரை இறக்குங்கள். மேல் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி வெளியே எடுங்கள். கீழே தெளிவான அல்லது சாம்பல் நிறத் தண்ணீர், அதற்கு மேல் பால் கலந்த காப்பி போல ஒரு அடுக்கு, அதற்கு மேல் கறுப்பு எண்ணெய் என்று தெரியும். காப்பி நிற அடுக்கு தடிமனாக இருந்தால் எண்ணெயும் தண்ணீரும் குழம்பாகிவிட்டன என்று பொருள். அது தானாகப் பிரியாது.

குறைந்த அளவு தண்ணீரைக் கண்டுபிடிக்க, சூடான இரும்புத் தகட்டில் (சுமார் 130 முதல் 150 டிகிரி செல்சியஸ்) ஓரிரு துளி விடுங்கள். தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போலப் படபடத்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் புகைந்தால் பெரும்பாலும் இல்லை. கண்ணாடி அணிந்து, எண்ணெய் பேரல்களை விட்டுத் தள்ளி நின்று செய்யுங்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் எண்ணெயில் இதைச் செய்யவே வேண்டாம்.

பேரலை எங்கே, எப்படி வைப்பது?

கூரைக்குக் கீழே, சிமெண்ட் தரையில், தடுப்புச் சுவருக்குள்.

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று திறந்த வெளியில் பேரலை நிறுத்தி வைக்கிறார்கள். மேல் விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மரையிடுக்கு வழியாக வெளியேறும். ராத்திரி குளிரும்போது அதே இடுக்கு வழியாகத் தேங்கிய நீரை உள்ளே இழுக்கும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் லிட்டர் கணக்கில் தண்ணீர் ஏறிவிடும். ஓட்டை எங்கே என்று தேடினால் கிடைக்காது. தற்காலிகமாக வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால் பேரலைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் இடமும் வலமுமாக ஒரே மட்டத்தில் வருமாறு திருப்பி, ஆப்பு வையுங்கள்.

தடுப்புச் சுவரின் கொள்ளளவு, உள்ளே இருக்கும் மிகப் பெரிய பேரலின் கொள்ளளவில் 110 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது நல்ல நடைமுறை. 210 லிட்டர் பேரல் என்றால் 231 லிட்டர். நான்கு பேரல் நிற்க 2 மீட்டருக்கு 2 மீட்டர் தரை, 15 சென்டிமீட்டர் உயரச் சுவர் கட்டினால் 600 லிட்டர் கொள்ளும். மற்ற மூன்று பேரல்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தாலும் 480 லிட்டருக்கு மேல் மிஞ்சும். ஒரு மூலையில் சிறு குழி விட்டுத் தரையை அந்தப் பக்கம் சரியுங்கள். சுவரில் வெளியே போகும் குழாய் வேண்டாம். குழாய் இருந்தால் ஒருநாள் யாராவது திறந்து விடுவார்கள்.

பேரலை முழுக்க நிரப்பாதீர்கள், பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். கடலோரத்தில் உப்புக் காற்றில் இரும்பு பேரலின் அடிப்பகுதிதான் முதலில் அரிக்கும். ஆகவே மரச் சட்டத்தின் மேல் வையுங்கள், இல்லையென்றால் கனமான பிளாஸ்டிக் பேரலுக்கு மாறுங்கள்.

ஒவ்வொரு பேரலிலும் படிவம் 8இன்படி லேபிள் வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் பின்னணியில் ‘அபாயகரமான கழிவு’, ‘கவனமாகக் கையாளவும்’ என்று சிவப்பு எழுத்தில் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் இருக்க வேண்டும். நனைந்தாலும் அழியாத பொருளில் அடியுங்கள். சாதாரணக் காகிதத்தில் எழுதி ஒட்டினால் அடுத்த மழைக்கு இருக்காது.

எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்?

90 நாள். ஆண்டுக்கு 10 டன் வரை மட்டுமே உருவாக்கும் சிறு நிறுவனங்களுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தர விதியில் இடம் உண்டு. கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. பேரலில் முதல் முறை ஊற்றிய தேதியை லேபிளில் எழுதி வைத்தால், கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்ற வாதமே எழாது.

அங்கீகாரம் எப்படி வாங்குவது?

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் படிவம் 1இல் விண்ணப்பிக்க வேண்டும். வாரியத்தின் மாவட்ட அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறது, விண்ணப்பம் இணையவழியில். நிறுவுவதற்கும் இயக்குவதற்கும் வாங்கிய இசைவாணைகளை இணைக்க வேண்டும். முழுமையான விண்ணப்பத்தின் மீது 120 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. படிவம் 2இல் கிடைக்கும் அங்கீகாரம் 5 ஆண்டு செல்லும். இசைவாணை தேவைப்படாத வெள்ளை வகைத் தொழில்களுக்கு, கழிவை அங்கீகாரம் பெற்றவரிடமே ஒப்படைக்கும்பட்சத்தில், 2019 திருத்தத்தின்படி விலக்கு உண்டு. சிறிய பட்டறைதானே, நாமும் வெள்ளை வகைதான் என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் தொழில் எந்த வகை என்பதை வாரியத்தின் பட்டியலில் பாருங்கள்.

விண்ணப்பத்தில் அதிகம் தவறுவது அளவு. மாதம் 12 லாரிக்கு ஆயில் மாற்றும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். லாரிக்கு 15 லிட்டர் என்றால் மாதம் 180 லிட்டர், ஆண்டுக்கு 2,160 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 0.88 கிலோ என்று பெருக்கினால் 1.9 டன். இதை அரை டன் என்று குறைத்துப் போட்டால், ஆண்டறிக்கையில் உண்மைக் கணக்கு வரும்போது அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று நோட்டீஸ் வரும். உண்மை அளவோடு சிறிது கூட்டியே கேளுங்கள்.

ஆட்டோவில் வந்து ரொக்கம் கொடுத்து எடுத்துப் போகிறவருக்குக் கொடுக்கலாமா?

கூடாது. அவர் தரும் விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த எண்ணெய் ஒன்று வடிகட்டி மறுபடியும் டப்பாவில் அடைக்கப்பட்டுப் புது ஆயிலாகக் கடைக்கு வருகிறது, அல்லது அனுமதியில்லாத உலையில் எரிகிறது, அல்லது கந்தக அமிலமும் களிமண்ணும் போட்டு வெளுக்கப்பட்டு, எஞ்சும் அமிலத் தார் எங்கோ ஒரு பள்ளத்தில் கொட்டப்படுகிறது. முறையான ஆலைகள் வெற்றிட வடித்தல் போன்ற தொழில்நுட்பத்தில் இயங்குகின்றன. அந்தச் செலவு ஆட்டோக்காரருக்கு இல்லை.

வாங்க வருகிறவரிடம் மூன்று தாள் கேளுங்கள். முதலாவது, 5.1 இனத்துக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த, காலாவதியாகாத அங்கீகாரம். அதில் உள்ள ஆண்டு அளவையும் பாருங்கள். இரண்டாவது, மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அவர் மறுசுழற்சியாளராகவோ சேகரிப்பு முகவராகவோ பதிந்ததற்கான சான்று. மூன்றாவது, வண்டிக்கான அனுமதி. அதை அனுப்புபவரோ பெறுபவரோ, யார் வண்டி ஏற்பாடு செய்கிறாரோ அவர் வாங்கியிருக்க வேண்டும். தாளைக் காட்டத் தயங்குகிறவருக்குப் பேரலைத் திறக்காதீர்கள்.

ஏழு நகல் சீட்டு எதற்கு? எந்த நிறம் யாருக்கு?

படிவம் 10 என்பது சரக்கோடு பயணிக்கும் சீட்டு. அனுப்புகிற நீங்கள் ஏழிலும் கையெழுத்திட வேண்டும். வெள்ளை நகல் உங்கள் வாரியத்துக்கு. மஞ்சள் உங்களிடமே இருக்கும், அதில் வண்டிக்காரரின் கையெழுத்து வேண்டும். மீதி ஐந்தும் வண்டியில் போகும். இளஞ்சிவப்பைப் பெறுபவர் வைத்துக்கொள்வார். ஆரஞ்சு வண்டிக்காரருக்கு. பச்சை பெறுபவரிடமிருந்து வாரியத்துக்கு. நீலம் பெறுபவரிடமிருந்து உங்களுக்குத் திரும்பி வரும். சாம்பல் நிறம், அனுப்புபவர் வேறு மாநிலத்தவர் என்றால் அந்த மாநில வாரியத்துக்கு.

நீல நகல் கைக்கு வரும் வரை உங்கள் எண்ணெய் போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் பார்த்துவிட்டுப் பெறுபவரை அழையுங்கள். வந்த சீட்டில் எடை குறைந்திருந்தால், வழியில் எண்ணெய் எங்கே இறங்கியது என்று எழுத்தில் கேளுங்கள். ஓட்டுநரிடம் படிவம் 9, அதாவது ட்ரெம் கார்டும் கொடுக்க வேண்டும். விபத்து நடந்தால் என்ன செய்வது என்பது அதில்தான் இருக்கும்.

களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் உள்ளவருக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். மார்த்தாண்டம் பக்கத்தவர்களுக்கு அதுதான் அருகாமை. மறுசுழற்சிக்கு என்றால், சரக்கை வண்டியில் ஏற்றும் முன்பே இரண்டு மாநில வாரியங்களுக்கும் தகவல் தெரிவிக்க வேண்டும். இறுதி அகற்றலுக்கு, அதாவது நிலத்தில் புதைக்கவோ எரித்து அழிக்கவோ என்றால், இரண்டு வாரியங்களின் தடையில்லாச் சான்றும் வேண்டும். தகவல் அனுப்பியதற்கான ஆதாரத்தின் நகலை ஓட்டுநரிடம் கொடுங்கள்.

சென்ட்ரிங் பலகைக்கும் கரையானுக்கும் கரி ஆயில் பூசுவது காலங்காலமாக நடக்கிறதே?

நடக்கிறது, ஆனால் விதிப்படி அதற்கு இடமில்லை. பூசும் தொழிலாளியின் தோலில் உலோகத் துகளும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பல வளைய ஹைட்ரோகார்பன்களும் படிகின்றன. கான்கிரீட்டுக்கும் கேடு: பரப்பில் கறை படியும், பிறகு பூச்சு ஒட்டாது. சென்ட்ரிங்குக்கென்றே தயாரித்த எண்ணெய் கடையில் கிடைக்கிறது. மரத்தில் பூசிய கரி ஆயில் மழைக்கு இறங்கிக் கிணற்றடி மண்ணுக்குத்தான் போகும். ஒரு கணக்கு சொல்கிறோம். தண்ணீர் மேல் வானவில் நிறம் தெரிய, எண்ணெய்ப் படலம் 0.3 மைக்ரான் தடிமன் இருந்தாலே போதும். ஒரு லிட்டர் எண்ணெய் அந்தத் தடிமனில் 3,300 சதுர மீட்டருக்குப் பரவும், நம் கணக்கில் சுமார் 80 சென்ட். 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. நாகர்கோவில் ஓடைகளில் விழுவது பழையாறு வழியாக மணக்குடிக் கடலுக்குப் போகிறது.

எரிக்கலாமா? ரப்பர் புகைக்கூட்டில் விறகோடு சேர்த்து ஊற்றலாமா?

வேண்டாம். அங்கீகாரமில்லாத எந்த உலையிலும், அடுப்பிலும், செங்கல் சூளையிலும் எரிக்க முடியாது. மழைக்காலத்தில் ஈர விறகு பிடிக்கவில்லை என்று குலசேகரம், அருமனைப் பக்கம் சிலர் புகைக்கூட்டில் ஊற்றுகிறார்கள். எண்ணெய்க் கரி ஷீட்டில் படிந்து தரம் இறங்கும், எண்ணெய் ரப்பரையே இளக்கும். முந்திரி வறுக்கும் அடுப்பிலும் பேக்கரி அடுப்பிலும் எரித்தால் சேதம் அதைவிடப் பெரிது, உணவில் போய்ச் சேரும்.

விசைப்படகு உரிமையாளர்கள் என்ன செய்ய வேண்டும்?

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கரைத் தடையில் வரும் சின்னமுட்டத்துப் படகும் மேற்குக் கரைத் தடையில் வரும் குளச்சல் படகும் எஞ்சின் வேலைக்குப் பெரும்பாலும் ஒரே சமயத்தில் வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்த இரண்டு மாதத்துக்குள் ஆயில் மொத்தமாக இறங்கும். ஒரு எஞ்சினுக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் 100 படகுக்கு 1,500 லிட்டர், ஏழு பேரலுக்கு மேல். தடை தொடங்கும் முன்பே சேகரிப்பவரோடு சங்கத்தின் வழியாகப் பேசி, பேரல்களைக் கொண்டு வந்து வைக்கச் சொல்லுங்கள். ஆயில் இறங்கிய பிறகு ஆள் தேடினால் அது கடலுக்கோ மணலுக்கோ போய்விடும்.

படகில் வடிகால் போல்ட்டுக்குக் கீழே கை நுழையாத இடங்களில் திறந்து விட்டால் அடித்தட்டுத் தண்ணீரோடு கலந்துவிடும். அளவுக்கம்பித் துளை வழியாகக் கைப் பம்பால் உறிஞ்சி நேரே கேனில் எடுங்கள். எஞ்சினை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கினால் எண்ணெய் இளகி வரும். அடித்தட்டு நீரில் சோப்புத் தூள் போட்டு இறைப்பதுதான் மிக மோசமான பழக்கம். படலம் கண்ணுக்கு மறையும், எண்ணெய் மறையாது. சிறு துளிகளாக உடைந்து மீன் குஞ்சு இருக்கும் ஆழத்துக்கு இறங்கும். எண்ணெய் உறிஞ்சும் திண்டுகளை எஞ்சினுக்கு அடியில் போட்டு, ஊறியதும் பிழியாமல் தனிப் பையில் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

காற்றாலை கியர் ஆயில் யார் பொறுப்பு?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆலை ஒருவருடையது, பராமரிப்பு இன்னொருவருடையது. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் வடித்த எண்ணெய் இருவருக்கும் நடுவில் காணாமல் போகும். படிவம் 10இல் அனுப்புபவர் யார், அங்கீகாரம் யார் பெயரில், பேரல் எந்த இடத்தில் நிற்கும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பழைய சிறு இயந்திரங்களில் சில பத்து லிட்டர்தான், 2 மெகாவாட் இயந்திரங்களில் பல நூறு லிட்டர். உச்சியிலிருந்து குழாய் வழியாக இறக்கும்போது அந்தப் பகுதியின் காற்றில் குழாய் ஆடி இணைப்பு கழன்று சிந்துவதுண்டு. ஒவ்வொரு தளத்திலும் குழாயைக் கட்டுங்கள்.

பழைய டிரான்ஸ்பார்மர் ஆயில்?

பி.சி.பி. சோதனை முடியும் வரை எதனோடும் சேர்க்காதீர்கள். பி.சி.பி. பயன்பாட்டை 2025 டிசம்பர் 31க்குள் முழுதாக நிறுத்த வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் அரசாணை. ஒரு பழைய டிரான்ஸ்பார்மரின் எண்ணெய் ஒரு டேங்கர் முழுவதையும் விற்க முடியாததாக ஆக்கிவிடும்.

பில்டர், பஞ்சு வேஸ்ட், காலி பேரல்?

பில்டரைச் சூடாக இருக்கும்போதே கழற்றி, மேல் முனையில் துளையிட்டு, கவிழ்த்து 12 மணி நேரமாவது வடிய விடுங்கள். வடிந்த எண்ணெய் பேரலுக்கு, பில்டர் தனி டப்பாவுக்கு. எண்ணெய்த் துணியும் பஞ்சும் 33.2, காலி பேரல் 33.1. இவை அங்கீகாரம் பெற்ற பொது அகற்றல் மையத்துக்கோ சிமெண்ட் ஆலை உலைக்கோ போக வேண்டும். காலி பேரலைக் கட்டட வேலைக்குத் தண்ணீர் பிடிக்க விற்காதீர்கள். அந்தத் தண்ணீரில்தான் வேலையாட்கள் முகம் கழுவுகிறார்கள்.

லேத் கூலண்ட் தண்ணீரும் கரி ஆயிலா?

இல்லை. பெரும்பகுதி தண்ணீரான குழம்பு அது. பேரலில் ஊற்றினால் பேரலே கெடும், சாக்கடையில் ஊற்றினால் சட்டம் பாயும். மேலே மிதக்கும் எண்ணெயைத் தினமும் வழித்தெடுத்து, கலவை அடர்த்தியைச் சரியாக வைத்திருந்தால் கூலண்ட் கூடுதல் காலம் உழைக்கும், கழிவும் குறையும்.

ஓட்டலில் பொரித்த எண்ணெய், முந்திரித் தோட்டு எண்ணெய்?

இரண்டும் இந்த இனத்தில் வராது. பொரித்த எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் விதி. திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது உருவாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது. அதைப் பயோடீசல் சேகரிப்பவரிடம் கொடுங்கள், கரி ஆயில் பேரலில் வேண்டாம்.

2024இல் வந்த புதிய விதி எங்களையும் கட்டுப்படுத்துமா?

2023 செப்டம்பரில் அறிவித்து 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதி, ஆயில் தயாரிப்பவர், இறக்குமதியாளர், சேகரிப்பு முகவர், மறுசுழற்சியாளர் ஆகியோர் மீது. எண்ணெயைப் பயன்படுத்தி முடித்த உங்களுக்கு மறுசுழற்சி இலக்கு எதுவும் இல்லை. ஆனால் பதிந்த மறுசுழற்சியாளருக்கு உங்கள் எண்ணெய் தேவை. பேரம் பேச இது நல்ல காலம்.

பதிவேடு, ஆண்டறிக்கை, அபராதம்?

படிவம் 3இல் அன்றாடக் கணக்கு. படிவம் 4இல் ஆண்டறிக்கை, நிதியாண்டு முடிந்து ஜூன் 30க்குள். இரண்டிலும் உள்ள எடை, படிவம் 10 சீட்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் தண்டத்தொகை 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு மேலும் 10,000. மண்ணும் நீரும் கெட்டிருந்தால் சீர்செய்யும் செலவு தனி.

சிந்திவிட்டால் முதலில் என்ன செய்வது?

தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் ஓடையின் வாயை மண் மூட்டையால் அடையுங்கள், பிறகு கசியும் பேரலை ஓட்டை மேலே வருமாறு புரட்டுங்கள். காய்ந்த தென்னைநார்க் கழிவு இந்த ஊரில் எங்கும் கிடைக்கும், எண்ணெயை நன்றாக இழுக்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தூவி, பத்து நிமிடம் விட்டு, வழித்து மூடியுள்ள பேரலில் போடுங்கள். தரை மங்கும் வரை இரண்டாம் முறையும் தூவுங்கள். அள்ளியது 5.2 இனம், குப்பை வண்டிக்குப் போகக் கூடாது. மண் தரை என்றால் கறுத்த மண்ணையும் வெட்டி எடுக்க வேண்டும். எண்ணெய் ஓடைக்கோ குளத்துக்கோ போய்விட்டால் வாரியத்துக்கு உடனே தொலைபேசியில் சொல்லி, படிவம் 11இல் எழுதிக் கொடுங்கள். இரண்டு மூட்டை நார்க் கழிவும் ஒரு மண்வெட்டியும் பேரல் கூரைக்கு அடியிலேயே எப்போதும் இருக்கட்டும், பூட்டிய அறைக்குள் வேண்டாம்.